பதினான்காம் பிரேக்கர்

ப்ளாசாவின் கோயிலுக்குக் கதவு உண்டு, திறக்காது.
தேக்கு மாதிரித் தெரிவது ஃபைபர்.
பக்கத்துச் சந்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால்
எனக்கென்று ஓர் இரும்புக் கதவு.
உள்ளே, பீடம் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு சில்லர், நான்கு பம்ப்,
இருமுகிற ஒரு மோட்டார்.
மஞ்சள் சுவர்களும் பூவேலைக் கம்பி பால்கனிகளும்
வரிசை கட்டிய இந்தச் சதுக்கத்துக்கு
இங்கிருந்துதான் குளிர் போகிறது.
அருள் என்றும் சொல்லலாம்,
மாதா மாதம் பில் வருகிற அருள்.

கோபுர உச்சியில் சிலுவை இல்லை.
முதல் வரைபடத்தில் இருந்ததாகச் சொல்கிறார்கள்.
கட்டும்போது தகரச் சேவலாகிவிட்டது.
"பேதுருவுக்காகக் கூவினது இதுதான்" என்பான்
ரொடேலியோ, இரவுக் காவல், விகான் ஊர்க்காரன்.
அவன் ஊரில் நிஜமாகவே இப்படி ஒரு ப்ளாசா.
அங்கே மணிக்கூண்டு கோயிலை விட்டுத் தள்ளி நிற்குமாம்,
நிலம் நடுங்கினால்
ஒன்றின்மேல் ஒன்று சாயக் கூடாதென்று.
"இங்கே ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள்.
நடுக்கமே தெரியாதவர்கள்."

ஒரு ராத்திரி நீரூற்று வால்வு கழன்று
அவன் முழங்கால் வரை நனைந்துபோனான்.
காலைத் தூக்கிக் காட்டி "சபாத்தோஸ்!" என்று கத்தினான்.
மணப்பாட்டில் என் அப்பா
திருநாளுக்கு மட்டும் போடுகிற சப்பாத்து
இங்கே ஒருவன் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.
விடியும்வரை சொற்களைத் துழாவினோம்.
மேசை இருந்தது. குசினி இருந்தது, கமிசு இருந்தது.
யாரோ கப்பலில் வந்து
எங்கள் இரண்டு கரையிலும்
சாமான்களை மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல.
பிறகு சாமான்களை எங்களுடையது என்று சொல்லிக்கொண்டோம்,
சாமியையும்.

மணியும் ஃபைபர். ஆடும், ஒலிக்காது.
ஒலி, அடியில் பதுக்கிய ஸ்பீக்கரிலிருந்து.
எந்த ஊரிலோ பிடித்த பன்னிரண்டு விநாடி,
காலை பத்திலிருந்து நடுநிசிவரை மணிக்கொரு தடவை.
கூர்ந்து கேட்டால் கடைசியில் ஒரு நாய் குரைக்கும்.

பெரிய வியாழன் இரவு.
ஜெபல் அலியில் பூசை முடிந்து
கூட்டத்தில் நசுங்கி பஸ் பிடித்து வந்தேன்.
ரொடேலியோவுக்கு விடுப்பு இல்லை.
சேவலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
"நாளைக்கும் அடிக்குமா இது?"
மணி அடிக்காத நாள் அது,
கட்டை தட்டுகிற நாள்.
இது என்ன கோயில், சில்லர் ரூம்தானே என்றேன்.
அவன் பேசவில்லை.
நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பேனலில் பதினான்காம் பிரேக்கர்.
எண்ணை நான் தேர்ந்தெடுக்கவில்லை.
கட்டைவிரலால் கீழே தள்ளினேன்.
பதிவேட்டில்: மணி ஓடவில்லை. காரணம் தெரியவில்லை.
உதிரிபாகம் சனி இரவு வரும்.

வெள்ளி பிற்பகல் மூன்று.
நிச்சயதார்த்த ஜோடி ஒன்று படியில் கேமராவோடு காத்திருந்தது.
புறாக்கள்கூடப் பழக்கத்தில் எழும்பி
சத்தம் வராததால்
கூச்சத்தோடு திரும்ப உட்கார்ந்தன.
மோட்டார் மட்டும் இருமிற்று.
படியடியில் ரொடேலியோ தொப்பியைக் கழற்றித்
துடைப்பதுபோலத் துடைத்தான், நெடுநேரம்.

சனி காலை சூப்பர்வைசர் பிஷோய் வந்தார், கெய்ரோக்காரர்.
பதிவேட்டைப் படித்தார். பேனலைத் திறந்தார்.
விழுந்து கிடந்த பதினான்கைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று
நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.
அவர் வாட்ச் பட்டையை மெல்ல மேலே நகர்த்தினார்.
மணிக்கட்டின் உட்புறம்
எறும்பளவு பச்சைச் சிலுவை.
பட்டையைத் திரும்ப இறக்கிவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.
"எங்களுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.
அப்போதும் இது
பழுதாகுமா?"

சனி நடுநிசி பிரேக்கரை ஏற்றினேன்.
பன்னிரண்டு விநாடி.
நாய் குரைத்தது.